குத்துவிளக்கு ஜீப்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டுக்கு ஒத்திப் பணம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பிப் போன என் கணவர், மூன்றாம் நாள் மத்தியானம் லாரியில் ஒரு பட்டாளத்து ஜீப்பை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஜீப் என்று அவர்தான் சொன்னார். நான் பார்த்தது தரை முழுக்க ஓட்டை விழுந்து, இரண்டு டயர் இல்லாமல், துரு உதிர்ந்துகொண்டிருந்த ஒரு தகரக் குப்பை. அதை இறக்க ஆறு ஆள் தேவைப்பட்டது.

"கதவு எங்க?" என்று கேட்டேன். அவ்வளவு ஆத்திரத்திலும் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதுதான்.

"இதுக்குக் கதவே கெடையாதுட்டி. சண்டை வண்டி. குண்டு விழுந்தா குதிச்சு ஓடணும்லா?" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"ஒத்திப் பணம்?"

அவர் ஜீப்பைப் பார்த்தார். 

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் ராஜபாளையத்தில் அவருடைய அண்ணன் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். அவர் நூல் மில்லில் ஃபிட்டர். நான் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு, அடுப்பு கிடையாது. அடுப்பங்கரை என் ஓரகத்தியுடையது. அவள் கையால் எடுத்துக் கொடுக்காமல் ஒரு கரண்டி காப்பித்தூள்கூட அந்த வீட்டில் அசையாது. வேலை முடிந்து வந்து, கால் கழுவிவிட்டு, வாசற்படியில் நின்று "அக்கா, செத்த காப்பி போட்டுக்கிடட்டா?" என்று கேட்க வேண்டும். அவள் உடனே பதில் சொல்லமாட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் உளுந்தில் கல் பொறுக்குவாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிய பேச்சும் அந்த அடுப்பங்கரையில்தான், நான் காதில் வாங்கும் தூரத்தில் நிற்கும்போதுதான் நடக்கும்.

எனக்கென்று ஒரு அடுப்பு வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. ஒத்தி என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருக்கலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வந்துவிடும். இரண்டு பேர் சம்பளத்திலும் நான்கு வருஷம் மிச்சம் பிடித்த பணம் அது. பாத்திரங்களை இரண்டு சாக்கில் கட்டி வைத்துவிட்டு, மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டபோது சாமான் ஏற்றத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பட்டாளத்தில் கழித்துப் போட்ட வண்டிகளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏலம் விடுகிறார்கள் என்று மில்லில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரைப் பார்க்கப் போன மனுஷன் பஸ் மாறி ஏலத்துக்குப் போய்விட்டார். "ஒரு வருசம்ட்டி. சரி பண்ணி வித்தா ரெண்டு வீட்டுக்கு ஒத்தி குடுக்கலாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் எடுத்த எந்த முடிவுக்கும் முன்னால் என்னைக் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கேட்பார் என்று எதிர்பார்த்தது என் முட்டாள்தனம்.

சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்தபோது ஓரகத்தி வந்து நின்றாள். "என்ன ஏட்டி, ஒம் புருசன் பட்டாளத்துல சேரப்போறாவளா? இல்ல, சண்டை நம்ம வீட்டுக்கு வரப்போகுதா?" என்றாள்.  நான் ஒரு தூக்குச்சட்டியைக் கொஞ்சம் ஓங்கித் தரையில் வைத்தேன்.

ஒரு வருஷம் என்று சொன்னது நான்கு வருஷம் ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடத்தில், முருங்கைமரத்தை ஒட்டி, தகரக் கூரை போட்டு அதை நிறுத்தினார். மில் ஷிஃப்ட் முடிந்தால் நேரே அங்கேதான் போவார். முதல் ஆறு மாதம் துரு சுரண்டியே போயிற்று. இஞ்சின் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயை ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைத்தும் கடைசியில் பார்த்தால் அதில் விரிசல் விட்டிருந்தது. மதுரைப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து அதே மாதிரி வேறொரு இஞ்சினைத் தேடிப் பிடித்தார். ரேஷனில் கிடைக்கிற மண்ணெண்ணெய் எல்லாம் அந்த வண்டிக்குத்தான் போனது. ஓரகத்தி அதற்கும் என்னைத்தான் பேசினாள்.

அவருடைய உடுப்பில் படிந்த கிரீஸ் எந்தச் சோப்புக்கும் போகாது. சோடாப்பூ போட்டு வேகவைத்துத் துவைத்து என் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. அந்த விரலோடு வெள்ளைத் துணி தைக்க உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். அழுக்கில்லை, புண் என்று தெரிந்த பிறகுதான் விடுவார். அது எல்லாவற்றையும் விட எனக்கு எரிச்சல் மூட்டிய வார்த்தை ஒன்று உண்டு. நான் தகரக் கூரைக்குள் கால் வைத்ததும் அவர் வாயிலிருந்து வருகிற "தொடாதே."

போல்ட்டைத் தொடாதே. பெயிண்ட்டைத் தொடாதே. அந்தப் பலகையில் இருப்பதைத் தொடாதே. எதற்கு என்று கேட்டால், "ஒனக்குப் புரியாது, போ" என்பார். அப்படி என்ன எனக்குப் புரியாது? நாள் முழுக்க மெஷினோடு கிடக்கிறவள் நான். ஊசி உடைந்தால், பாபின் சிக்கினால், பெல்ட் நழுவினால் மெக்கானிக்கை எதிர்பார்க்காமல் நானே சரி செய்துவிட்டுத் தைப்பேன். அதை அவர் ஒருநாளும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

வண்டிக்கு மேல்கூரை தேவைப்பட்டபோது மட்டும் நான் நினைவுக்கு வந்தேன். கான்வாஸ் துணியை எங்கிருந்தோ வாங்கி வந்து, பழைய கிழிசல் கூரையையும் போட்டு, "இதே மாதிரி தச்சுக் குடு" என்றார். என் மெஷினில் அந்தத் துணி ஓடாது. ஏழு ஊசி உடைந்தது. பிறகு கோணி ஊசியால் கையில் தைத்தேன். மூலைகளுக்குத் தோல் வைத்து, ஓரத்தை இரட்டையாக மடித்து, இரண்டு மாதம். மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் இழுத்துக் கட்டினார். "இந்தப் பக்கம் கொஞ்சம் தொங்குதோ?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூரையை அவர் தலையிலேயே சுற்றியிருப்பேன்.

நான்காவது வருஷக் கடைசியில் வண்டி ஓடியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தென்காசி ரோட்டில் அவர் அதை எடுத்துக்கொண்டு போனபோது டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அழுக்குப் பச்சை நிறம், முன்பக்கம் பல் வரிசையாகக் கம்பி, பின்னால் மாட்டிய டயர். ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னை ஏற்றிக்கொண்டு போவார் என்று நினைத்து நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குற்றாலம் போகிற வழியில் வண்டியைப் பார்த்துவிட்டு நிறுத்தி விசாரித்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிறவர். அரைமணி நேரம் குனிந்தும் படுத்தும் பார்த்தார். தை மாதம் பிறந்ததும் ஆளோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் என் கணவர் தானாக என்னிடம் வந்து, "வில்லிபுத்தூர் வீட்டுக்காரர்ட்ட சொல்லிரு. தையில வாரோம்னு" என்றார்.

அதே வீடு அந்தச் சமயம் மறுபடி காலியாக இருந்தது. வடக்குப் பார்த்த வாசல். சின்ன அடுப்பங்கரைதான், ஆனால் உள்ளேயே குழாய். நான் போய் அந்த அடுப்பு மேடையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். கல் சில்லென்று இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் எந்தப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நான்கு வருஷக் கோபம் அந்த ஒரு வாரம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கோபத்தோடு இருந்திருந்தால் அந்தத் தகரக் கூரைக்குள் நான் போயிருக்கவே மாட்டேன்.

தைக்கு முந்தின வாரம். அவர் ஹெட்லைட் கண்ணாடி வாங்க மதுரைக்குப் போயிருந்தார். வீடு வெள்ளையடித்து, எல்லோரும் பாத்திரம் பண்டம் தேய்த்துக்கொண்டிருந்த நேரம். நான் வண்டியைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் புதிதாக மின்னியது. பலகையில் மட்டும் பழைய செய்தித்தாளில் சுற்றி நான்கு தகடுகள் இருந்தன. மூன்று பெரியது, ஒன்று உள்ளங்கையில் அடங்குகிற அளவு சின்னது. பித்தளைதான், ஆனால் கறுத்துப் போய்ப் பச்சை பூத்திருந்தது. பெரிய தகடுகள் வண்டியின் முகப்பில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தவை என்று எனக்குத் தெரியும். இவ்வளவும் செய்துவிட்டு இதை இப்படியே மாட்டினால் அசிங்கமாக இருக்காதா என்று நினைத்தேன். மனுஷனுக்கு நேரமில்லை, நாம் செய்து வைப்போம் என்று நினைத்தேன். ஆமாம், ஆசையோடுதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

வீட்டுக் குத்துவிளக்கு இரண்டையும் பாலீஷ் போட ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போகிற வேலை எனக்கு இருந்தது. கோயில் சாமான்களுக்கெல்லாம் பாலீஷ் போடுகிற கடை. அந்தப் பையிலேயே நான்கு தகடுகளையும் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் சின்னத் தகட்டைப் புரட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, இங்கிலீசு எழுத்தும் நம்பருமா அடிச்சிருக்கு? ஆழமா இருக்கே. சக்கரத்துல குடுத்தா போகாது. அரம் போட்டு எடுத்துருவமா?"

"எடுத்துருங்க. மொகம் தெரியணும்" என்றேன்.

நம்பர் என்று எனக்கும் தெரிந்தது. நம்பர் இல்லாத சாமான் எது? கம்பெனியில் என் கத்தரிக்கோலுக்குக்கூட ஒரு நம்பர் உண்டு. ஜீப்புக்கு நம்பர் என்றால் முன்னும் பின்னும் எழுதியிருக்கும் நம்பர்தான் என்று நினைத்தேன். சத்தியமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அரம் தேய்க்கிற சத்தம் செத்த நேரம் கேட்டது. பிறகு சக்கரம் சுற்றியது. தகடு பொன்னாக வந்தது. "பேர் வெட்டணுமா? வெளக்குக்கெல்லாம் வெட்டுவோம்லா" என்றார். நான் யோசித்தேன். அண்ணன் வீட்டில் ஒரு டம்ளரில்கூட என் கணவர் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் அண்ணன் பெரியவர் பெயர், ஓரகத்தி பெயர், அவர்கள் பிள்ளைகள் பெயர். நான்கு வருஷம் உழைத்த வண்டியிலாவது இருக்கட்டும் என்று, "வெட்டுங்க" என்றேன்.

"பேர் என்ன?"

புருஷன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்கள் யாரும் சொல்லமாட்டோம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு பென்சிலை நீட்டினார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். சின்னத் தகட்டில்தான் பெயர் அளவாகப் பொருந்தியது. சின்ன உளியால் புள்ளி புள்ளியாக வெட்டினார். இனிஷியலோடு, கீழே ராஜபாளையம் என்று ஊர்ப் பெயரோடு.

அவர் மதுரையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாம்பாளத்தில் வைத்து நீட்டினேன். அவர் சின்னத் தகட்டை எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"இதுல இருந்த நம்பர் எங்கட்டி?"

"அழுக்கா இருந்துச்சு. எடுக்கச் சொல்லிட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மெல்லிய குரலில், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். ஏலச் சீட்டில் எழுதியிருந்த இஞ்சின் நம்பர் விரிசல் விட்ட பழைய இஞ்சினோடு போய்விட்டது. மிச்சம் இருந்த அடையாளம் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்திருந்த இந்தச் சின்னத் தகடு ஒன்றுதான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து இதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுப்பார். அது ஏலச் சீட்டோடு ஒத்துப்போனால்தான் வண்டியைப் பதிய முடியும், விற்க முடியும்.

"இந்த நம்பர் இல்லேன்னா இது களவாண்ட வண்டிக்குச் சமம்" என்றார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஒன்ன யாரு தொடச் சொன்னது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தொடாதே தொடாதேன்னு நாலு வருசமாச் சொன்னீங்களே, எதுக்குன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? இதுதான் வண்டிக்கு உசிருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைப் பூசையில வச்சுக் கும்பிட்டிருப்பேனே! எனக்குப் புரியாதுன்னீங்க. ஆமா, புரியல. புரியாதவ செய்ற வேலையைச் செஞ்சிட்டேன்" என்று கத்தினேன். அழுகையும் வந்தது. அவரைப் பார்த்து வந்ததா, என் அறிவுகெட்டத்தனத்தைப் பார்த்து வந்ததா, தெரியவில்லை. அந்த அடுப்பு மேடை கண் முன்னாலேயே நின்றது.

மில்லில் நம்பர் அடிக்கிற பஞ்ச் இருந்தது. ஏலச் சீட்டைப் பார்த்து அதே நம்பரை அடித்துவிடலாம். வேறு தகடு வெட்டுவதும் அவருக்குக் கஷ்டமில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள், நானும் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். "பொய் நம்பர் அடிக்க மாட்டேன்" என்றார். அரைமணி நேர வேலை. அவருடைய யோக்கியத்துக்கு என் நான்கு வருஷத்தைக் கட்டணமாகக் கட்டச் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடி வந்தார். வராதீர்கள் என்று தகவல் சொல்ல எங்களிடம் அவர் விலாசம்கூட இல்லை. பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டு முன்னால் நின்றார். நான் காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். கணவரின் அண்ணன் முன்னால் வந்து நின்று நாங்கள் பேசுவதில்லை. வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் புகழ்ந்தார். கூரையைத் தடவிப் பார்த்து, "இது எங்கீங்க தச்சீங்க? அருமையா இருக்குது" என்றார். என் கணவர், "இங்கதான்" என்றார். அதோடு முடித்துக்கொண்டார்.

பிறகு வந்தவர் குனிந்து சேஸிஸைப் பார்த்தார். "நம்பர் தகடு எங்கீங்க?"

என் கணவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வந்தவர் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். நிமிர்ந்து என் கணவர் முகத்தைப் பார்த்தார். "இதென்னங்க, குத்துவிளக்கா? உங்க பேரை வெட்டி வச்சிருக்கீங்க?"

முதலில் சிரித்தது பெரியவர். அப்புறம் கூட வந்த ஆள். அப்புறம் வந்தவரும் சிரித்துவிட்டார்.

"யாருங்க இந்த வேலையைப் பண்ணுனது?"

"நான்தான்" என்றார் என் கணவர். "நல்லாருக்கும்னு நெனச்சேன்."

கதவுக்கும் அவர்களுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. நான் வெளியே வந்து "நான்தான் செஞ்சேன்" என்று சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை சத்தமாகப் பேசத் தெரியாதவளும் இல்லை நான். காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மரியாதை என்று சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் இன்றைக்கு நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. வந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "இத்தனை வேலை தெரிஞ்ச மனுஷன் இதைத் தெரியாமப் போனீங்களேங்க. இனி உள்ள என்னென்ன பண்ணி வச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்?" காப்பி குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த வண்டி முருங்கைமரத்தடியில் நின்றது. நம்பருக்குச் சான்று கேட்டுப் பட்டாளத்து டிப்போவுக்குக் கடிதம் மேல் கடிதமாகப் போட்டார், பதில் இல்லை. வீட்டில் அவருக்குப் பெயரே குத்துவிளக்கு என்றாகிவிட்டது. "ஏலே குத்துவெளக்கு, சாப்பிட வா" என்று பெரியவர் கூப்பிடுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள். டீக்கடையில் கூப்பிட்டார்கள். மில்லில் கூப்பிட்டார்கள். தன் பெயரைத் தானே வெட்டிக்கொண்ட மனுஷன் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரித்தார்கள். ஓரகத்தி என்னிடமே சொன்னாள், "அவியளுக்கு எம்புட்டு ஆசை பாத்தியா, பேரைப் பாக்க!" என்று.

அவர் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினார் என்று நினைப்பீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது சும்மா கிடைக்கவில்லை. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவர் என்னைப் பார்ப்பார். திட்டமாட்டார், பார்ப்பார் அவ்வளவுதான். ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தொலைத்திருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். அவர் வாயைத் திறக்காததால் நானும் திறக்கவில்லை. நான் ஓரகத்தியின் வாசற்படியில் நின்று காப்பித்தூள் கேட்டேன், அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாத வண்டியின் இஞ்சினைப் போட்டுச் சத்தம் கேட்டுவிட்டு அணைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். வயசானவர், வெற்றிலை போட்ட வாய். தகட்டின் கதையைக் கேட்டுவிட்டு, "பேப்பரை வச்சு நான் என்ன செய்யப் போறேன்? எந் தோட்டத்துக்குப் பிரேக் இன்ஸ்பெக்டரா ஏறி வரப்போறாரு? பாதை என்னுது, வண்டி ஏறுனாப் போதும்" என்றார். மலையடிவாரத்தில் ஓட்டிக் காட்டச் சொன்னார். பாறையும் சேறுமாகக் கிடந்த பாதையில் அது நிற்காமல் ஏறியதாம். அவர் வாங்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். மேலே ரிப்பேர் என்றால் பார்க்க ஆள் கிடையாது, இந்த வண்டியை அறிந்தவர் இந்தப் பக்கத்திலேயே ஒருவர்தான். அதனால் வண்டியோடு அவரும் வர வேண்டும். மேலேயே ஒருவர் தங்க இடம், சம்பளம் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கீழே வந்து போகலாம்.

அன்று சாயங்காலம் நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஓரகத்தி உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள். அவர் வந்து என் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். வில்லிபுத்தூரில் ஒத்திக்கு இன்னொரு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு, "என்ன சொல்லுதே? நான் போகட்டா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏலத்துக்குப் போன அன்றைக்கு இப்படிக் கேட்டிருந்தால்! ஏழு வருஷக் கோபமும் மொத்தமாகக் கிளம்பியது. அவர் கண்ணில் மலைப்பாதை தெரிந்தது. அந்த வண்டியை மறுபடி ஓட்டப்போகிற சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"போங்க" என்றேன். "எங்கயும் போங்க. ஒங்க வண்டியோடயே போய் இருங்க."

அவர் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் தோட்டக்காரரிடம், "வீட்டுல சரின்னுட்டா" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பால் காய்ச்சினேன். அவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கேட்ட அடுப்பு எனக்குக் கிடைத்துவிட்டது. யாரையும் கேட்காமல் எந்த நேரமும் காப்பி போடலாம், போட்டேன். குடிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். பன்னிரண்டு வருஷம் அவர் மலையில் இருந்தார். இறங்கி வருகிற போதெல்லாம், நீ அன்னைக்குச் சரின்னு சொன்னதாலதான் நம்ம பொழைப்பு நிமிந்துச்சு என்று மனசாரச் சொல்வார். அன்றைக்கு நான் சொன்னது கோபத்தில் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.